பஜ்ஜி மடித்த கைப்பிரதி

ஒரு மனிதரைச் சீஷராக்குவதற்கு நான்கு கட்டங்கள் உண்டு என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். கைப்பிரதி எனப்படும் பிரசாரத் துண்டுத்தாள் கொடுத்தல் ஒன்று. சந்தித்துப் பேசுதல் இரண்டு. அவராகத் தேடிவந்து விசாரித்தல் மூன்று. சபையில் சேர்தல் நான்கு. இதை யாரும் எனக்குப் போதிக்கவில்லை. மாமாவின் மேசைமேல் கிடந்த அச்சடித்த படிவத்தில் அப்படித்தான் நான்கு பத்திகள் இருந்தன. பூமியின் கடைசி மூலை வரைக்கும் போய்ச் சீஷர்களை உண்டாக்க வேண்டும் என்கிற மாபெரும் கட்டளை, எங்கள் மாமாவிடம் வந்து சேர்கையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பிரதிகளில் அனுப்பவேண்டிய காகிதமாக இளைத்திருந்தது. பின்னாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் பூர்த்தி செய்த படிவங்களோடு ஒப்பிட்டால் அது நல்ல படிவம் என்றே சொல்வேன். கேள்வி தெளிவாக இருந்தது. பதில்தான் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குடவாசலிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் லுத்தரன் சபையின் உபதேசியாராக இருந்தார். குருவானவர் அல்ல. எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம். அவர் டவுனில் இருப்பார், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பது, பாட்டு எடுப்பது, பிரசங்கம் செய்வது, பிறகு பாய்களைச் சுருட்டி வைப்பது எல்லாம் உபதேசியார். சபையில் பதினொரு குடும்பங்கள். மாமா அங்கே போன அன்றும் பதினொன்று, ஆறு வருடம் கழித்தும் பதினொன்று. நான்காவது பத்தியில் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று எழுதி, அதற்கு நேர் கீழே, ஏதோ சாதித்தவர் போல வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஊரில் அவரிடம் மட்டும்தான் சைக்கிள் பம்பு இருந்தது. ஆகவே தேடிவந்து விசாரிப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் விசாரித்தது பம்பை.

அந்த வருடம் மாமா ஒரு கைப்பிரதி எழுதினார். வழக்கமாக மேலிடத்திலிருந்து வரும் கைப்பிரதிகளில் இருக்கும் தமிழைப் பார்த்தால், எழுதியவருக்கும் படிப்பவருக்கும் பழைய பகை ஏதோ இருப்பது போலத் தோன்றும். அதனால் மாமா தானே எழுதினார். வேதத்தில் வரும் அந்த ஓடிப்போன மகன் கதைதான். அதைத் தூக்கிவந்து எங்கள் வயல்வெளியில் இறக்கிவிட்டார். அப்பாவுக்கு மூன்று வேலி நிலம், இருபது ஏக்கர். இளையவன் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டணம் போகிறான். கூட்டாளிகளோடு எல்லாவற்றையும் தொலைக்கிறான். கடைசியில் யாருடைய அறுத்த வயலிலோ வாத்து மேய்க்கும் கூலிக்கு நிற்கிறான். வாத்துகள் நத்தை தின்பதைப் பார்த்து அவனுக்கு எச்சில் ஊறியது என்று மாமா எழுதியிருந்தார். அத்தைக்கு அந்த இடம் குமட்டியது, எடுத்துவிடச் சொன்னாள். மாமா மறுத்துவிட்டார். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஒரே பக்கமாக முந்நூறு தாள் அடித்து வந்தது.

நான் தஞ்சாவூரிலிருந்து மே மாத விடுமுறைக்கு அங்கே அனுப்பப்பட்டிருந்தேன். வந்த மூன்றாம் நாள் மாமா உபதேசிமார் கூட்டத்துக்காகத் தரங்கம்பாடி போக வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தை நான் பார்த்திருந்தேன் அல்லவா, ஆறு வருட 'இல்லை' என் மனதை அறுத்தது. அவர் திரும்பி வருவதற்குள் ஓர் ஆளையாவது சேர்த்து வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். மகா பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்களுக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அவ்வளவுதான்.

"கைப்பிரதி எல்லாத்தையும் நான் குடுக்கட்டுமா மாமா?"

"எல்லாத்தையுமா? முந்நூறு இருக்குடி."

"நாலு நாள்ல குடுத்துடுவேன்."

மாமா சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டே விதிகளைச் சொன்னார். படிக்கத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பவரை இரண்டாம் முறை கேட்கக் கூடாது. மாரியம்மன் திருவிழா நடப்பதால் கோயில் வாசலில் போய் நிற்கவே கூடாது. அவர்கள் சாமி கும்பிட வருகிற இடத்தில் நாம் கடை விரிப்பது மரியாதை இல்லை. கீழே போடக் கூடாது. மொத்தம் நான்கு விதிகள். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

முதல் நாள் வெயிலில் அலைந்து பதினொரு தாள் கொடுத்தேன். தையற்காரர் வாங்கி, அதை நான்காக மடித்து ஆடிக்கொண்டிருந்த மெஷினின் காலுக்கு அடியில் வைத்தார். ஒரு பாட்டி வாங்கி விசிறிக்கொண்டாள். நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "நீ யாரு பொண்ணு, எந்த ஊரு, அப்பா என்ன வேல" என்று என்னைத்தான் படித்தாரே தவிரத் தாளைப் படிக்கவில்லை. பாக்கி இருநூற்று எண்பத்தொன்பது.

திருவிழாவுக்காகக் கடைத்தெரு முனையில் ஒருவர் பஜ்ஜிக் கடை போட்டிருந்தார். கோயிலிலிருந்து நன்றாகத் தள்ளி. அடுப்பைச் சுற்றிக் கூட்டம். அவர் மட்டும் இங்கும் அங்கும் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பழைய செய்தித்தாள் தீர்ந்துவிட்டதாம்.

"என்ன பாப்பா கையில? சினிமா நோட்டீஸா?"

"இல்லைங்க. கதை."

"கதையா? நல்லதாப் போச்சு. ஆளுங்க நின்னு படிச்சா இன்னும் ரெண்டு பஜ்ஜி சேத்துத் திம்பாங்க. குடு."

நான் யோசித்தேன். பஜ்ஜி தின்கிறவர் கையில்தான் தாள் போகிறது. கையில் கொடுக்க வேண்டும் என்ற விதி சரியாயிற்று. வேண்டாம் என்பவர் பஜ்ஜியே வாங்க மாட்டார். இரண்டாவது விதியும் சரி. கோயில் வாசல் இல்லை. கீழேயும் போடவில்லை. விதிகளை எவ்வளவு யோசித்து எழுதினாலும் அவற்றுக்கு நடுவே ஒரு பஜ்ஜிக் கடை நுழையும் இடைவெளி இருந்தே தீரும் என்பதை அரசாங்கம் எனக்குப் பிற்பாடு பலமுறை கற்பித்தது. நானாகக் கண்டுபிடித்தது அன்றுதான். கட்டை அப்படியே கொடுத்தேன். அவர் சூடாக இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார். கையூட்டு என்ற சொல் எனக்கு அப்போது தெரியாது. காரம் சரியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் கறுப்புக் குடையோடு ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம். நரைத்த மீசை. வேட்டி கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அத்தை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உபதேசியார் வீடு இதானே?"

"மாமா ஊர்ல இல்லைங்க தாத்தா. பம்பு உள்ள இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"தாத்தாவா? பேரன் பொறந்தாத்தானே தாத்தா." குடையை மடக்கினார். "பம்பு வேணாம் பாப்பா. இதப் போட்டது உங்க மாமாவா? பஜ்ஜிக் கடையில சொன்னாங்க."

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல ஆகியிருந்தது. மாமாவின் கைப்பிரதிதான். ஆனால் பாதி. முழுத்தாள் பெரிதாக இருந்ததால் பஜ்ஜிக்காரர் ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாகக் கிழித்திருக்கிறார். இவர் கையில் இருந்தது மேல்பாதி. வாத்து மேய்க்கிறவன் மனம் வெறுத்து ஊருக்குத் திரும்பி நடக்கிறான். அடுத்து இப்படி இருந்தது: 'வரப்பு வழியே ஓர் உருவம் வருவதைக் களத்துமேட்டில் நின்ற அப்பா பார்த்தார். பார்த்ததும் அவர்' என்பதோடு கிழிசல்.

"அவர்?" என்றார் வந்தவர். "அவர் என்ன பண்ணாரு?"

மூன்றாவது பத்தி. அவராகத் தேடிவந்து விசாரித்தல். இந்தக் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் இதற்கு ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன்.

"ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு தாத்தா."

"யாரு? மவனா?"

"இல்ல. அப்பா."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அப்பன் ஓடுனானா? மூணு வேலி நெலம் வச்சிருக்கறவன், களத்துல அத்தன ஆளுங்க நிக்கையில, ஓடுவானா? நீ மாத்திச் சொல்ற. மவன் ஓடியாந்து கால்ல விழுந்திருப்பான்."

"இல்லைங்க. அப்பாதான் ஓடுவாரு. வேதத்துலயே இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

"அது உங்க வேதம். அதுல வர்றவங்க பெரிய பெரிய ஆளுங்களா இருப்பாங்க, என்ன வேணாலும் செய்வாங்க. இதுல இருக்கறவன் நம்ம ஊர்க்காரன். வரப்பு, களம், வாத்து எல்லாம் போட்டிருக்கு. இந்த ஆளு என்ன பண்ணான்னு எனக்குத் தெரியணும். அச்சுல காட்டு."

வாய்மொழியாகச் சொல்லப்படும் எதையும் ஏற்கக் கூடாது, எழுத்தில் கேட்க வேண்டும் என்பதை அலுவலக வாழ்க்கையில் நான் மதமாகவே பின்பற்றினேன். ஆனால் அன்று அந்த மனிதர் மேல் கோபமாக வந்தது. வீட்டில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. முழுக்கட்டையும் நான்தான் பஜ்ஜிக்கு அனுப்பியிருந்தேன்.

"அத்தே, கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"எதுக்குடி?"

"கீழ்ப்பாதி தேட."

மாவுக் கையோடு எட்டிப் பார்த்த அத்தை, பக்கத்தில் நின்றவரைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, மோர் குடிக்கிறீங்களா" என்றாள். பிறகு கேட்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நாங்கள் நடந்தோம். நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவர் தன் நடையில்தான் வந்தார். குடை விரிந்து, முதுகு நிமிர்ந்து, எதிரே மாட்டுவண்டி வந்தாலும் அது ஒதுங்கட்டும் என்கிற நடை.

பஜ்ஜிக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கீழ்ப்பாதியா? கீழ்ப்பாதி மேல்பாதின்னு நான் பிரிச்சா வச்சிருக்கேன்? அங்க கெடக்கும், பாருங்க."

கம்பியில் குத்தி வைத்திருந்ததில் ஏழெட்டுத் துண்டுகள் மிச்சம். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் மேல்பாதி. எல்லாவற்றிலும் அந்த அப்பா களத்துமேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்குப் பின்னால் குப்பையில் தேடினேன். ஒரு கீழ்ப்பாதி கண்ணில் பட்டது. நான் கையை நீட்டுவதற்குள் ஒரு வெள்ளாடு அதை மென்று விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தது.

பெரியவர் குனியவில்லை. குடைக்குக் கீழே நின்றபடி, "கெடைச்சுதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

பஜ்ஜிக்காரர் என் பக்கம் சாய்ந்து, பெரியவருக்குக் கேட்காது என்று தானாக நினைத்துக்கொண்ட குரலில் சொன்னார். "அவரு மவன் வேதாரண்யத்துல இருக்கான் பாப்பா, உப்பு லாரி ஓட்டுறான். வயலு வேணாம், வண்டி ஓட்டக் கத்துக்கறேன்னு சொன்னதுக்குக் களத்துல அத்தன ஆளுங்க முன்னால அடிச்சாரு. போனவன் போனவன்தான். மூணு போகம் அறுத்தாச்சு. இப்ப திருவிழாவுக்கு வரட்டுமான்னு கேட்டுக் கார்டு போட்டிருக்கான். பத்து நாளாச்சு. இவரு பதிலே போடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கார்டுதானே. தபால்காரரு ஊருக்கே படிச்சுக் காட்டிட்டாரு."

எனக்கு அதில் அக்கறை இல்லை. என் கவலையெல்லாம் கீழ்ப்பாதி கிடைக்கவில்லை என்றால் இவர் நான்காவது பத்திக்குப் போகமாட்டாரே என்பதுதான்.

அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிராம முன்சீபைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஊருக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். பெருத்த உடம்பு. மடியில் விரித்த தாளில் நான்கு வெங்காய பஜ்ஜி. தாளின் ஓரத்தில் மாமாவின் பெயர் தெரிந்தது. பெயர் அச்சாகியிருந்தது அடியில். அப்படியானால் கீழ்ப்பாதி.

"ஐயா, அந்தத் தாளக் குடுக்கிறீங்களா?"

"தின்னுட்டுத் தரேன்."

"அவசரமா வேணும்."

"நாலு பஜ்ஜி இருக்கு. ஒண்ணு ஒண்ணாத்தான் திங்க முடியும்."

நாங்கள் காத்திருந்தோம். நான் அவர் எதிரே குந்தி உட்கார்ந்து பஜ்ஜிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவர் நின்றுகொண்டே இருந்தார். ஓர் அதிகாரி அலட்சியமாக மென்றுகொண்டிருக்க, ஒரு மனிதர் தன் வாழ்க்கைக்கு வேண்டிய காகிதத்துக்காகக் குடையோடு நின்றுகொண்டிருந்த அந்தக் காட்சியை, நானே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு அடிக்கடி நினைத்ததாகச் சொல்ல ஆசைதான். எப்போதாவது நினைத்தேன்.

கடைசி பஜ்ஜி போனதும் முன்சீப் தாளைத் தூக்கிப் பிடித்தார். அதை என்னிடம் கொடுக்கவில்லை. எந்தக் காகிதம் கையில் வந்தாலும் உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். தண்டோரா போடுகிறவரின் குரலில் ஆரம்பித்தார்.

"'நடக்கவில்லை. ஓடினார். வேலையாட்கள் சிரிப்பார்களே என்று எண்ணவில்லை. வரப்பு வழுக்குமே என்று எண்ணவில்லை.' என்னய்யா இது, யாரு ஓடுனது?"

"படிங்க" என்றார் பெரியவர்.

"'மகன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை அவர் முழுக்கக் கேட்கவில்லை. பாதியிலேயே அவனைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். பண்டிகைக்கு எடுத்து வைத்த வேட்டியைக் கொண்டுவாருங்கள், ஊருக்கெல்லாம் இலை போடுங்கள் என்று வீட்டைப் பார்த்துக் கூவினார்.'"

முன்சீப் தாளை இறக்கினார். "இது எப்படிச் சரியா வரும்? பாகம் பிரிச்சுக் குடுத்தாச்சு. அவன் வித்தும் தின்னாச்சு. மறுபடி எந்தக் கணக்குல உள்ள சேக்கறது? மூத்தவன் கேக்க மாட்டானா?"

அது நியாயமான கேள்வி. இன்று என்னிடம் அந்தக் கோப்பு வந்தாலும் அதே குறிப்பைத்தான் எழுதுவேன்.

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓடினாருன்னா போட்டிருக்கு?"

"ஓடினார்னுதான்யா போட்டிருக்கு. 'நடக்கவில்லை'ன்னு வேற தனியாப் போட்டிருக்கு."

"அச்சுலயா?"

"பின்ன, நானா எழுதுனேன்?"

பெரியவர் தாளை வாங்கினார். உதடு அசைய அசையத் தானே ஒருமுறை படித்தார். மேல்பாதியோடு சேர்த்துப் பிடித்துக் கிழிசல் பொருந்துகிறதா என்று பார்த்தார். அந்த இரண்டு துண்டும் ஒரே தாளின் பாதிகள் இல்லை. கோணல் மாணலாக நின்றன. பரவாயில்லை என்று முடிவு செய்தவர்போல இரண்டையும் சேர்த்து மடித்தார். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, எழுதுவியா?"

"நல்லா எழுதுவேன்."

எதிரே தபால் பெட்டி தொங்கிய கடையில் ஒரு கார்டு வாங்கி வரச் சொன்னார். முன்சீப் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவைக் கொடுத்தார், மூடியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதுவதில் நான் தேர்ந்தவள். அனுப்புநர், பெறுநர், எல்லாம் முறையாக எழுதி, 'பொருள்: திருவிழாவுக்கு வீட்டுக்கு வருதல் சம்பந்தமாக' என்று அடிக்கோடும் போட்டேன்.

"என்னத்த இவ்ளோ நேரம் எழுதுற? வான்னு எழுது."

"வான்னா மரியாதை இல்லையே தாத்தா. வாங்கன்னு எழுதட்டுமா?"

"பெத்த மவனுக்கு வாங்கவா? வா. அவ்ளோதான்."

"அதுக்கு மேல?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். பஜ்ஜிக்காரர் எண்ணெயில் ஒன்றும் போடாமல் காத்திருந்தார்.

"எந்த பஸ்ஸுன்னு எழுதச் சொல்லு" என்றார் பெரியவர் கடைசியில்.

எழுதிக் காட்டினேன். கார்டில் பெரும்பகுதியை விலாசமும் பொருளும் அடைத்துக்கொண்டிருக்க, அடியில் ஒரு மூலையில் 'வா. எந்த பஸ் என்று எழுது' என்று இருந்தது. அவர் தானே போய்ப் பெட்டியில் போட்டார். போட்ட பிறகும் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தாத்தா, ஞாயித்துக்கிழம எட்டரைக்கு ஆராதனை" என்று நினைவுபடுத்தினேன். நான் கடமை தவறவில்லை.

"ஆகட்டும் பாப்பா" என்றார்.

மாமா மறுநாள் மத்தியானம் வந்தார். முந்நூறு பிரதியும் கொடுத்தாகிவிட்டது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எப்படிக் கொடுத்தேன் என்பதை அத்தை சொன்னாள். முகம் வாடியது. அவர் மூன்று மாதம் அடித்துத் திருத்தி எழுதியது அது. விடிய விடிய ஒரு வரியை நான்கு விதமாக எழுதிப் படித்துக் காட்டுவாராம், அத்தை தூங்கிக்கொண்டே நல்லாருக்கு என்பாளாம். இப்போது அது எண்ணெய் வழிய ஊரெல்லாம் கசங்கிக் கிடந்தது. நான் அழுதேன். அப்புறம்தான் அழுகைக்கு நடுவே, பெரியவர் வந்ததையும் கீழ்ப்பாதி தேடியதையும் கார்டு எழுதியதையும் சொன்னேன். மாமா சைக்கிளிலிருந்து பையை அவிழ்க்காமல் அப்படியே நின்று கேட்டார்.

"வான்னு எழுதச் சொன்னாரா?"

"ஆமா. வாங்கன்னு எழுத விடல."

மாமா பையை அவிழ்க்க ஆரம்பித்தார். பெரியவர் வீட்டுக்குப் போய் அழைத்து வரலாமே என்று நான் நச்சரித்தேன். "அவரு வரணும்னா வருவாரு. நாம போய் நின்னா, காரியம் சாதிக்க வந்த மாதிரி ஆயிடும்" என்றார். ஞாயிறன்று கடைசிப் பாட்டு வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பதினொரு குடும்பம்தான் வந்தது. அதிலும் ஒரு வீட்டில் காய்ச்சல். மாமா படிவத்தை நிரப்பினார். கைப்பிரதி முந்நூறு. கடைசிப் பத்தியில் 'இல்லை'. உறையை ஒட்டி என்னிடமே கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னார். அந்தப் பெரியவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நான் உறுதியாக நம்பினேன். அவருக்காக எத்தனை குப்பையைக் கிளறியிருக்கிறேன்.

அந்த வாரம் பெருங்காயம் வாங்க அத்தை என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். காலை பதினொரு மணி இருக்கும். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் பெரியவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மூணு நாளா இதே வேல" என்றார் பஜ்ஜிக்காரர். திருவிழா முடிந்தும் வியாபாரம் பிடித்துப்போய் அவர் கடையைக் காலி செய்யவில்லை. "பையன் வெள்ளிக்கெழமதான் வரேன்னு எழுதியிருக்கான். இவரு புதன்கெழமயிலேருந்து பஸ்ஸ எண்ணிட்டு நிக்கறாரு."

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பஸ் வந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் சொன்ன இடத்தில் நிறுத்தினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள். பஸ் புளியமரத்தைத் தாண்டி, அரிசி ஆலையையும் தாண்டி, வாய்க்கால் மதகருகில் போய்த்தான் நின்றது. நல்ல தூரம். அதன் படியில் தகரப் பெட்டியோடு ஒருவன் தெரிந்தான்.

பெரியவர் ஓட ஆரம்பித்தார்.

விரித்த குடையை மடக்கவே இல்லை. காற்று அதற்குள் புகுந்து அவரைப் பின்னால் இழுத்தது. அவர் குடையை முன்னால் இழுத்தார். கஞ்சி போட்ட வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு செருப்பு அரிசி ஆலைக்கு எதிரே நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. நெல் காயப்போட்டவர்கள் விலகினார்கள். பஸ்ஸில் ஏற வருகிறார் என்று நினைத்த கண்டக்டர், "இடமில்ல பெரியவரே, அடுத்த வண்டில வாங்க" என்று கத்தி விசில் ஊதினார். கடைத்தெருவே சிரித்தது. நான் பெருங்காயப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். முன்சீப் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

மதகடியில் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா அவன் கையிலிருந்த தகரப் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"குடுங்கய்யா, நான் தூக்கறேன்."

"சாப்ட்டியா?"

"ஒங்க செருப்பு ஒண்ணு அங்க கெடக்கு."

"கெடக்கட்டும். சாப்ட்டியான்னு கேட்டேன்."

மகன் குடையைப் பிடித்துக்கொண்டான். பெட்டி அவர் தலையில் இருக்க, குடை அந்தப் பெட்டிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு போயிற்று. மூன்று வேலி இல்லை அவருக்கு, முக்கால் வேலி இருக்கும். ஆனாலும் ஒரு நிலக்காரர் பகலில் கடைத்தெரு வழியாகப் பெட்டி சுமந்து போனதைப் பார்த்துப் பஜ்ஜிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க, குடை எப்படி இழுத்தது, கண்டக்டர் எப்படி விசில் ஊதினார் என்று நடித்துக் காட்டினேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றது.

"யாரு முதல்ல ஓடினது?"

"அவருதான் மாமா. அந்தப் பையன் இன்னும் படியிலயே நிக்கறான்."

"படியிலயே நின்னானா?"

"ஆமா. பஸ்ஸு முழுசா நிக்கக்கூட இல்ல."

"செருப்பு?"

"ஒண்ணு போச்சு. அவரு எடுக்கவேயில்ல."

மாமா முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லி முடித்ததும், குடையை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்று கேட்டு மறுபடி சொல்லச் சொன்னார். நடுவில் சோறு கேட்டார். ரசம் கேட்டார். மறுபடி சோறு கேட்டார். வாய் நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறிக் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்காமல் சாப்பிட்டார்.

"மோருக்குச் சோறில்ல, போதும் நிறுத்துங்க" என்றாள் அத்தை. ஆனால் அவளே தன் பங்கை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அவரு நம்ம கோயிலுக்கு வரவேயில்லையே மாமா" என்றேன்.

"ஆமா. வரல" என்றார் மாமா, அவ்வளவு சந்தோஷமாக.

ஆறு வருடம் உழைத்து ஓர் ஆள் சேரவில்லை, ஆசையாக எழுதியது பஜ்ஜிக்குப் போயிற்று, தேடிவந்த ஒருவரும் கை நழுவிப்போனார், இதெல்லாம் கொஞ்சமும் உறைக்காமல் மூன்றாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிற இந்த மனிதரை அத்தை எப்படித்தான் வைத்துச் சமாளிக்கிறாளோ என்று நினைத்தேன். பெரியவர்களில் சிலருக்குத் தோற்றுப்போனதைக்கூட எடுத்துச் சொன்னால்தான் தெரியும் போலிருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை. என் பங்கு அப்பளத்தை எடுத்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று, அவர் தட்டில் வைத்தேன்.